மேதியப்பனுக்கு மறுநாள் வந்த சிரிப்பு

எருமைகளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்ற நம்பிக்கை காடு, நாடு இரண்டிலும் பரவியிருக்கிறது. இது பிழை. மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த இலக்கணம் நகையைத்தான் முதலில் வைத்தது. 'எருமை நீங்கலாக' என்று எங்கும் சொல்லவில்லை. எருமைக்கும் சிரிப்பு வரும். மறுநாள் வரும்.

ஒரு காட்டில், செல்போன் டவருக்காக மரங்களை வெட்டிய பக்கத்தில், ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது. அதன் நகைச்சுவை நிகழ்ச்சியில் மேதியப்பன் என்ற எருமை பல வருடங்களாக நடித்துவந்தது. மற்ற நடிகர்களுக்குக் காட்சி நடுவிலேயே சிரிப்பு வந்துவிடும். கழுதைப்புலியை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மேதியப்பனின் முகம் மட்டும் அசையாது. விருது மேடையில் அதன் ரகசியத்தைக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் புரியலீங்க" என்றது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என்ன அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

மறுநாள் குட்டையில் கழுத்தளவு நீரில் கிடக்கும்போதுதான் அதற்கு நகைச்சுவை வந்து சேரும். குமிழி குமிழியாகத் தனியே சிரித்துக்கொள்ளும். தன் கலை என்பது வெறும் மந்தபுத்தி என்று அதற்கே தெரியும். இந்த வேலை போனால் செங்கல் வண்டி இழுக்க வேண்டியதுதான் என்பதும் தெரியும்.

ஒருநாள் காலை ரேஷன் கடைக் காட்சியைப் படமாக்கினார்கள். வரிசையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கைப் பார்த்துக் குரங்கு, "இன்னொரு கால் எந்த க்யூவுல நிக்குது?" என்று கேட்டது. கேமராக்காரக் கரடிகூடக் குலுங்கியது. மேதியப்பன் குலுங்கவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது முதலாளி சிங்கம் வந்தது. "ஒரு மான் என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்துச்சு. இன்னும் திரும்பிப் போகலை!" என்று வயிற்றைத் தட்டிக் காட்டியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வரவேற்பறை மான்தான் அதிகச் சத்தமாகச் சிரித்தது. மேதியப்பன் வைக்கோலை மென்றது.

"பல்லையாவது காட்டுண்ணே," என்று இயக்குநர் நரி காதில் கெஞ்சியது.

"எதுக்குப்பா?"

"உன் சோத்துக்குண்ணே!"

எருமைக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. இருந்ததைக் காட்டியது. அது சிரிப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை சிங்கம் கூப்பிட்டனுப்பியது.

"நான் ஜோக் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறியா? செங்கல் சூளையில சொல்லிட்டேன். வண்டி வெளிய நிக்குது, போ."

மேதியப்பனுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கொக்கின் இன்னொரு கால் அதன் மூளைக்கு வந்து சேர்ந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தது, முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்ததில் மேசை மீதிருந்த கோப்பை உருண்டு விழுந்தது.

"எதுக்குடா சிரிக்கற?"

"நேத்து... நேத்து கேட்டதுங்க முதலாளி..."

சிங்கத்தின் பிடரி மெல்ல எழுந்தது. "எது? நான் சொன்ன மான் ஜோக்கா?"

மேதியப்பன் சிரிப்பை விழுங்கியது. முகத்தைக் கல்லாக்கியது. வாழ்நாளில் முதல்முறையாக நடித்தது.

"ஆமாங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ரொம்ப ஆழங்க."

"மத்தவனெல்லாம் பயத்துல இளிக்கறான்," என்றது சிங்கம், எழுந்த பிடரி மெல்லப் படிய. "புரிஞ்சு சிரிச்சவன் நீ ஒருத்தன்தான்டா."

அன்றே மேதியப்பன் நகைச்சுவைப் பிரிவின் தலைவரானது. சிங்கத்தின் ஜோக் இன்றுவரை அதற்கு வந்து சேரவில்லை. சிங்கம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வரத் தொடங்கியது. இடைவேளை அரைமணி நேரம் நீட்டிக்கப்பட்டது.

நீதி: சிரிப்பு எவ்வளவு தாமதமாக வந்தாலும் தவறில்லை, வரும்போது முதலாளி எதிரில் இருக்க வேண்டும்.