கூடத்துக்கு வந்த செப்புக் குழாய்

கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் எதைக் கேட்டாலும் "தெரியும்" என்று சொல்லிவிடும் வியாதி மாப்பிள்ளைகளுக்கு உண்டு. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அங்கே வேலை என்றால் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்று ஸ்ரீரங்கத்தில் இருந்த மாமனார் நம்பியிருந்தார். (நான் ஆபீசில் உட்கார்ந்து லீவு மனுக்களுக்கு ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறவன். அவர் விசாரிக்கவில்லை, நானும் விளக்கவில்லை.)

என் மச்சினி சரோஜாவைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே வந்த வரன்கள் எதுவும் அமையாததால் மாமனார் கலங்கிப் போயிருந்தார். மெட்ராஸ்காரர்கள் கை கழுவக் கொல்லைக்குப் போவார்களா என்பது அவருடைய புதுக் கவலை. கூடத்திலேயே ஒரு வாஷ்பேசின் வைக்க வேண்டும் என்றார். ஆள் எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன்.

பெரிய கடைவீதியில் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே எடை போட்டுவிட்டார். இரும்புக் குழாய் கேட்டவனிடம் பளபளவென்று செப்புக் குழாயை நீட்டினார்.

"சீமைச் சரக்கு சார். துருவே பிடிக்காது. கையாலயே வளைச்சுக்கலாம்."

வளைத்தேன், அப்பளப்பூ மாதிரி இருந்தும் உடையாமல் வளைந்தது. அந்த மெல்லிசுதான் நாகரிகம் என்று எனக்குப் பட்டது. முலாம் பூசிய டேப் ஒன்றும், தேவைப்பட்டால் தண்ணீரை நிறுத்த வால்வு ஒன்றும் அதே கடையில் வாங்கினேன். கொல்லையில் இருந்த முனிசிபல் குழாயில் வால்வைப் பூட்டி, அங்கிருந்து கூடம் வரைக்கும் செப்புக் குழாயை சுவரோரமாக இழுத்து மாட்டினேன். மாமனார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். பாயில் உட்கார்ந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். சரோஜா குனிந்த தலை நிமிராமல் நமஸ்காரம் செய்தாள். பிள்ளையின் அப்பா எண்ணெய்க் கையோடு எழுந்ததும், மாமனார் பெருமை பொங்க வாஷ்பேசினைக் காட்டினார்.

அவர் டேப்பைத் திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அவருடைய ஜரிகை அங்கவஸ்திரத்தை நனைத்தது. நான் பாய்ந்துபோய் டேப்பின் வாயை இரண்டு உள்ளங்கையாலும் அடைத்தேன். (எஞ்சினியர் மூளை!) அடைபட்ட தண்ணீர் வேறு வழி பார்த்தது. சுவரோரமாகப் போன செப்புக் குழாய் வெள்ளரிப்பழம் போலப் பிளந்து, பாயில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் குளிப்பாட்டியது.

கொல்லைக்கு ஓடி வால்வைத் திருகினேன். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது என் மூச்சு மட்டும்தான்.

அப்போது சரோஜா வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நகருங்க அத்தான்" என்றாள். வால்வைத் தாண்டி வரும் செப்புக் குழாயைப் பிடித்து, வெற்றிலையை மடிப்பதுபோல ஒரே மடி மடித்தாள். தண்ணீர் நின்றது. கூடத்திலும் சத்தம் நின்றது.

எனக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்த மாப்பிள்ளைப் பையன், நனைந்த தலையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னான்.

"அப்பா, வேற எங்கயும் பாக்க வேண்டாம். எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு."

அவர் சொட்டச் சொட்ட, கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். "அதைப் பேசிக்கலாம். முதல்ல இந்தக் கைப்பிடியை யார்கிட்ட குடுக்கறது?"

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், பட்டறையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துபோயிருந்தது.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் சரோஜா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவ எழுந்தால், என் சகலை பேரன் பேத்திகளைப் பார்த்து நிதானமாகச் சொல்லுவார்:

"தாத்தா கை கழுவப் போறாரு. பாயைச் சுருட்டுங்க."