பதினோராவது தகட்டில் வந்த பூஜ்யம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் குளிரூட்டும் இயந்திரமும் நலம். அங்கே நீ, அத்தான், அத்தானின் முழங்கால் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

"ரிட்டயரானதும் எங்களோடயே வந்து இருந்துடேன்டா, தனியா என்ன பண்ணப் போறே?" என்று போன வாரம் கேட்டாய். வர முடியாது அக்கா. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. தனியாக இருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. அப்படி என்ன வேலை என்று முப்பது வருடமாகக் கேட்கிறாய், இன்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தகட்டில் ஈயத்தைக் குருணை குருணையாகப் படியவைத்து, கடுங்குளிரில் இறக்கி, மின்சாரம் விடுவேன். அந்தக் குளிரில் ஒவ்வொரு குருணைக்குள்ளும் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஆனால் அடுத்த குருணைக்குத் தாவ வேண்டுமே! இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டால் போச்சு, தகடு அடம்பிடிக்கும். குளிரக் குளிரத் தடை ஏறிக்கொண்டே போகும். ஈயத்தை ஒரு பொட்டு, ஒரு பொட்டாகக் கூட்டியும் பத்துத் தகடுகள் அப்படித்தான் போயின.

செவ்வாய்க்கிழமை காலை பதினோராவது தகடு. மீட்டரைப் பார்க்கிறேன், தடை பூஜ்யம்! கத்திவிட்டேன். அறையில் யாருமில்லை. எதிர் அறை பேராசிரியர் லீவு. வராந்தாவுக்கு ஓடினேன், தரை துடைக்கிற அம்மா மட்டும்தான் இருந்தார்.

"அம்மா, பூஜ்யம் வந்துடுச்சு!"

"ஐயோ, பரீட்சையிலயா சார்? விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

உனக்குப் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ தூங்குறா. என்ன விஷயம்?" என்றார். "பூஜ்யம் அத்தான்" என்றேன். "ஒண்ணும் இல்லேன்னா சாயந்திரம் பேசு" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. போனில் வேறு யார் பெயராவது இருக்கிறதா என்று தேடினேன். பிளம்பர், கேஸ்காரர், பல் டாக்டர். பல் டாக்டரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை.

கடைசியில் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரிடமே போய்ச் சொல்ல, அவர் அன்று வந்திருந்த இரண்டு விருந்தாளிகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "சூடாக்கினால் இந்தப் பூஜ்யம் போய்விடும், பாருங்கள்" என்று தோரணையாகச் சொல்லித் தகட்டை வெளியே எடுத்தேன். போகவில்லை அக்கா. அறைச் சூட்டுக்கு வந்தும் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. இயக்குநர் மீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "யோவ், குளிரே இல்லாம தடையில்லாத மின்சாரம்! உலகமே இதைத்தான்யா தேடிக்கிட்டிருக்கு!" விருந்தாளிகள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான்கு நிமிடம் நான் உலகப் புகழோடு இருந்தேன். அப்புறம் பட்டறை மெக்கானிக் பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்து பார்த்து, "சார், ரெண்டு வயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். மீட்டர் தகட்டை அளக்கவே இல்லை, வயரைத்தான் அளந்திருக்கிறது. எல்லோரும் அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே போய்விட்டார்கள். மத்தியானம் குளிரூட்டும் இயந்திரத்தின் பம்ப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதுதான் சத்தமாவது போடும்.

ஆகவே, இத்தனை வேலையை விட்டுவிட்டு வருவதற்கில்லை. எனக்காக வைத்திருக்கும் மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு, அவர்கள் கேட்காவிட்டாலும், ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட பிறகு பன்னிரண்டாவது தகட்டை இறக்கினேன். வயர்களை மூன்று தடவை சோதித்துவிட்டேன். நிஜமாகவே பூஜ்யம் வந்துவிட்டது அக்கா. சூடாக்கினால் போகிறது, குளிரவைத்தால் திரும்பி வருகிறது. இந்தத் தடவை யாரிடமும் சொல்ல நான் எழுந்திருக்கவே இல்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே.