குப்பியிலிருந்து வந்த வாடை

அன்புள்ள ஷாரோன் அண்ணிக்கு,

உத்திரமேரூரிலிருந்து நாத்தனார் ரேணுகா எழுதுகிறேன். பழையசீவரத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்பதைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். இப்போதே எழுதினால் பொய்யாகிவிடும்.

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அந்த வாடை என் பையிலிருந்து வருகிறது." இங்கிருந்து போனில் பேசினால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். அதனால் இந்தக் கடிதம்.

என் பையில், டேப் சுற்றிய ஸ்டீல் டப்பாவுக்குள், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதில் டைட்டானியம் கலந்த மஞ்சள் திரவம், ஒரு மாத உழைப்பு. அதை அமோனியா வாயுவோடு உலையில் சூடாக்கினால் டைட்டானியம் நைட்ரைடு என்ற பீங்கான் படியும். பார்க்கத் தங்க நிறம், இரும்பைவிடக் கடினம். எங்கள் கல்லூரி உலை பழுது. சென்னையில் வேறோர் ஆய்வகத்தில் திங்கட்கிழமை இடம் கிடைத்தது. போகும் வழியில் வீட்டுக்கு வந்தேன். இதையெல்லாம் பஸ்ஸில் கொண்டுவரவே கூடாது. என் பேராசிரியருக்குத் தெரியாது. அந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றின் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாகிவிடும். அப்போது கிளம்பும் வாடை, அசல் மீன் வாடை.

புரட்டாசிச் சனிக்கிழமை, தளிகை போட்டு, அம்மா கற்பூரம் ஏற்றி, எல்லோரும் "கோவிந்தா" என்ற நேரத்தில் பின்கட்டிலிருந்து அது வந்தது. என் பை பின்கட்டில்தான் இருந்தது. எல்லம்மாள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை எடுக்கவே இல்லை.

"இன்னாடி இது கருவாட்டு நாத்தம்! பெருமாளு வூட்டுக்குள்ள வந்துகினு கீறாரு, இவ இன்னாடான்னா நெத்திலி வறுத்துகினு கீறா! வேதக்காரப் பொண்ணுக்குப் பொரட்டாசி இன்னா தெரியும்னு அன்னிக்கே சொன்னேனே, கேட்டீங்களா?"

அண்ணன் விளக்கைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பின்கட்டிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற நீங்கள், வீட்டுக்கு வந்து நான்கே மாதமானவர், 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைத்து எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாலை பஸ்ஸில் நீங்கள் கிளம்பியபோதும் வாசலில் நின்றுகொண்டு, "ஜன்னல் சீட்டா பார்த்து உக்காருங்க அண்ணி" என்றேன். இத்தனை புத்தகம் படித்தவள் வாயில் வந்தது அவ்வளவுதான்.

இன்று ஞாயிறு காலை வீட்டில் சொல்லிவிட்டேன். டப்பாவை நடுக்கூடத்தில் வைத்து, "வாடை இதுலேர்ந்துதான் வந்துது. அண்ணி ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அம்மா கேட்டாள்: "மீன் வாட வர்ற தண்ணி இன்னாத்துக்குடி?"

"சூடு பண்ணா தங்கம் மாரி ஆவும்மா."

"தங்கமா!"

"தங்கம் இல்ல. தங்கம் மாரி."

"அப்ப இன்னாத்துக்கு?"

அத்தை மட்டும் தளரவில்லை. "இத்தினி வருசம் படிச்சி, கருவாட்ட பாட்டில்ல அடைக்கக் கத்துகினு வந்துகீது" என்றார். திறந்து காட்டச் சொன்னார். ஆர்கான் வாயு நிரப்பிய, காற்றுப் புகாத பெட்டிக்குள்தான் திறக்க முடியும் என்றேன். "அது இன்னா, கர்ப்பக்கிரகமா?" என்றார். பிறகு பின்கட்டு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என் பை மீதும்.

ஆனால் அம்மா அழுதாள், அண்ணி. "அந்தப் பொண்ண அநியாயமாப் பேசிட்டோம்" என்று. புதன்கிழமை உங்களை அழைத்துவர அண்ணனோடு அவளே வருகிறாள். என் ஒரு மாத வேலை பொடியாகியிருக்கும். நான் பேசாமல் இருந்ததற்கு அது தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இங்கே இப்போது எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேணுகா

பி.கு.: திங்கள் மாலை, சென்னை. காலையில் ஆர்கான் பெட்டிக்குள் டப்பாவைத் திறந்தேன். குப்பியின் மூடி அசையவே இல்லை. திரவம் தெளிந்த மஞ்சளாக இருந்தது, வெள்ளைப் பொடி துளியும் இல்லை. உலையில் வைத்தோம், நல்ல பொன்னிறமாக வந்தது. வீட்டில் இதை நான் சொல்லவில்லை.