மயில் கார்டும் திறக்காத கேபினும்

அன்னைக்கு ஆபீஸ்ல எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு வெள்ளை ஸ்மார்ட் கார்டைக் கம்ப்யூட்டர்ல சொருகி, அதுல முதலாளி பேரைப் பதியணும். அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துல நடந்தது. சிவகாசியில ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ். விருதுநகர்ல இருந்து தினமும் பஸ்ல போய் வந்துட்டிருந்தேன். ஆறு மாசக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சவ. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா இழுத்து விடுவேன். அதனால என்னை விஞ்ஞானி மாதிரி பார்த்தாங்க. நானும் மறுத்துப் பேசலை.

முதலாளி அண்ணாச்சி சென்னைக் கண்காட்சிக்குப் போய் ஒரு கார்டுப் பூட்டு வாங்கிட்டு வந்தாரு. கூடவே கார்டுல எழுதுற ஒரு குட்டிப் பொட்டி, சாஃப்ட்வேர் சிடி, ரெண்டு வெள்ளைக் கார்டு.

பூட்டு அவர் கேபினுக்கு. காரணம், பட்டாசுப் பெட்டி மேல ஒட்டுற, அந்த சீசனுக்கான புது லேபிள். எங்க ஊர்ல மருந்துக் கலவையைக்கூடச் சொல்லிருவாங்க, புது லேபிளைக் காட்ட மாட்டாங்க. காலையில ஒருத்தன் பார்த்தா மத்தியானம் அடுத்த தெருவுல அச்சாகிடும்!

சாயங்காலம் வடக்க இருந்து பெரிய வியாபாரி வர்றாரு. லேபிள் பிடிச்சாத்தான் ஆர்டர். ஆர்டர் வந்தாத்தான் எங்களுக்குத் தீபாவளி.

"உனக்குத் தெரியாததா மெகரு? போட்டுவிடு தாயி"ன்னாரு.

கார்டைச் சொருகினேன். 'நோ கார்டு'ன்னு வந்துச்சு.

உருவி, ஊதி, திரும்பச் சொருகினேன். 'நோ கார்டு'. கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இல்லவே இல்லைங்குது! பொட்டி தலையில ஒரு தட்டு தட்டினேன். அதுக்கும் மசியலை.

கடைசியில பார்த்தா, தங்கக் கலர்ல ஒரு சில்லு இருக்குல்ல, அது மேல் பக்கம் பார்த்து இருக்கணுமாம். விஞ்ஞானி தலைகீழாச் சொருகியிருக்கேன்.

"என்னம்மா ஆச்சு?"

"சாஃப்ட்வேர் கொஞ்சம் ஸ்லோ அண்ணாச்சி."

ஒருவழியாப் பதிஞ்சிருச்சு. கதவுல சொருகினா, டொக்! திறந்துருச்சு. ஆபீஸே கை தட்டுச்சு. அண்ணாச்சி லேபிளைக் கேபினுக்குள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்தினாரு. அது தானாப் பூட்டிக்கிச்சு. இனி கார்டு இல்லாமத் திறக்காது, சாவியெல்லாம் கிடையாது.

அதோட நிறுத்தியிருக்கலாம். அண்ணாச்சி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"என்ன தாயி, இம்புட்டு மொட்டையா இருக்கு? சிவகாசியில இருந்துக்கிட்டு வெள்ளைக் கார்டைச் சட்டைப் பையில வச்சா ஊரு சிரிக்காதா?"

நியாயமான கேள்வி. தீப்பெட்டிக்கே படம் போடுற ஊரு. ஒரு அட்டையை வெறும் வெள்ளையா விட்டு வைக்க இங்க யாருக்கும் மனசு வராது.

வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒரு மயில் போட்டா எடுப்பா இருக்கும் அண்ணாச்சி. பார்டர் ரோஸ் கலர்ல."

ரெண்டு கார்டும் நாரணாபுரம் ரோட்டுல இருந்த அவர் மச்சினர் பிரஸ்ஸுக்குப் போச்சு.

சாயங்காலம் வியாபாரி வந்துட்டாரு. டீயும் காராச்சேவும் முடிஞ்சு, "லேபிள் எங்கே?"ன்னு கேட்டாரு. சரியா அந்த நேரம் மச்சினரே கார்டுகளோட வந்து இறங்கினாரு. தோகை விரிச்ச மயில். ரோஸ் பார்டர். கண்ணுல ஒத்திக்கலாம்!

கதவுல சொருகினேன். திறக்கலை. துப்பட்டாவால துடைச்சுச் சொருகினேன். திறக்கலை. திருப்பிச் சொருகினேன்.

"மயிலைத் தலைகீழாச் சொருகாத தாயி!"

அடுத்த கார்டுல புதுசா எழுதிருவோம்னு கம்ப்யூட்டருக்கு ஓடினேன். 'நோ கார்டு'.

அப்பத்தான் சில்லு இருந்த இடத்தை உத்துப் பார்த்தேன். முன்னைவிட ரொம்பப் பளபளப்பா இருந்துச்சு.

"இங்கன ஒரு தகடு இருந்துச்சே?"

மச்சினர் முகம் மலர்ந்துச்சு. "கவனிச்சுட்டீகளா? மயிலு கழுத்துல வந்து விழுந்துச்சும்மா, பாக்க நல்லாவே இல்ல. ரெண்டுலயும் நோண்டி எடுத்துட்டுப் பள்ளத்தை அடைச்சு, மேல கோல்டு ஃபாயில் அடிச்சுட்டோம். எம்புட்டு அம்சமா இருக்கு பாருங்க!"

"எடுத்த தகடு?"

"அதைப் பெருக்கித் தள்ளியாச்சே!"

அண்ணாச்சி என்னைப் பார்த்தாரு. நான் மயிலைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆர்டர் போச்சு, என் வேலையும் போச்சுன்னு நின்னேன்.

வியாபாரி எந்திரிச்சு வந்து என் கையில இருந்த கார்டை வாங்கினாரு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாரு. தங்கக் கழுத்து ஜொலிச்சுச்சு.

"இதுதான் புது லேபிளா? ரொம்ப ஜோர்! எல்லாப் பெட்டிக்கும் இதே போடு!"

அண்ணாச்சி கண்ணுகூடச் சிமிட்டலை. "இதேதான் சேட்டு! உங்களுக்காகவே நம்ம மெகரு கம்ப்யூட்டர்ல ரெடி பண்ணுனது!"

மறுநாள் ஆசாரி வந்து கேபின் கதவைக் கடப்பாரையால நெம்பித் திறந்தாரு. கடப்பாரைக்கு சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படலை.