கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கவும்

லம்லியின் காருக்கு அடியில் பெர்சி மல்லாந்து படுத்திருந்தான். அவன் படுத்திருக்கவே கூடாத இடம் அது.

அவன் வேலை பார்த்த டன்லின் கம்பெனியில் மொத்தம் எட்டு பேர். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு பழைய கோழிக் கொட்டகையில் தொடங்கி, சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் செய்து, இந்த 1961 வரை ஆறு வருடம் எப்படியோ தள்ளியாகிவிட்டது. விலை மலிவுக்குக் காரணம் ஒன்றுதான். காரை உதிரிகளாகப் பெட்டியில் விற்றால் வரி இல்லை. வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனி ஆள் போய்ப் பூட்டிக் கொடுத்தால் வரி. பூட்டும் முறையை அச்சடித்துக் கொடுத்தாலும் வம்பு.

அதனால் முதலாளி கிரேல் 'கழற்றும் முறை' என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் கார் வந்துவிடும். வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

லம்லிக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்திலிருந்தே வரி விடாமல் படித்து, சேர்ந்தே வந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"வந்தது நாலு பெட்டிங்க. இப்ப பதினோரு பெட்டி இருக்கு."

போனை எடுத்த பெர்சிக்குப் பாவமாக இருந்தது. சனிக்கிழமை மதியம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி லம்லி வீட்டுக் கார் கொட்டகைக்கு வந்துவிட்டான்.

எஞ்சின் ஏறிவிட்டது. எழுந்து, கை துடைக்கத் துணி தேடி அலமாரியைத் துழாவினான். ஒரு கடித உறை கீழே விழுந்தது. மேலே கிரீடச் சின்னம். 'திரு. லம்லி, ஆய்வாளர், வரி அலுவலகம்.'

வரி அதிகாரியின் காரையே கம்பெனி ஆள் பூட்டிக் கொடுத்திருக்கிறான்.

எட்டு பேர் பிழைப்பு. கிரேலின் ரத்தக் கொதிப்பு. எல்லாம் இவன் கையிலிருந்த ஸ்பேனரில் வந்து நின்றன. மறுபடி அடியில் புகுந்து, பூட்டியதையெல்லாம் கழற்ற ஆரம்பித்தான்.

லம்லி டீயோடு வந்தார். "ஏங்க, எதுக்குக் கழட்டுறீங்க?"

"கழட்டலாம் சார். கழட்டுறதுக்குச் சட்டத்துல தடை இல்ல."

கோப்பை தட்டில் கிலுகிலுத்தது. "சட்டமா? இப்ப எதுக்குச் சட்டம்?"

"சும்மா சொன்னேன் சார்."

"உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"ஹெக்டர்."

லம்லி குனிந்து அவன் சட்டைப் பையைப் பார்த்தார். சிவப்பு நூலில் 'டன்லின்'. அதன்கீழ் 'பெர்சி'.

"அண்ணன் சட்டை சார்."

"அப்ப அண்ணன்தான் டன்லின்ல வேலை பாக்குறாரா?"

இல்லாத அண்ணனையும் மாட்டிவிட்டது பெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல சார்! நாங்க யாருமே அந்தக் கம்பெனி ஆளு இல்ல. நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"இந்தப் பக்கமா வந்தவரு, என் காருக்கு அடியில படுத்தீங்களா?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

லம்லியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஒரு நிமிஷம்," என்றார். டீயைத் தட்டோடு காருக்கடியில் தள்ளி வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்புறமாகவே நடந்து வெளியே போனார்.

போன் செய்யத்தான் போகிறார். பெர்சி அவசர அவசரமாகத் திருகினான். கழற்றக் கூடாத ஒரு போல்ட்டையும் கழற்றினான். எஞ்சின் டீத் தட்டின்மேல் இறங்கியது. மயிரிழையில் உருண்டு தப்பித்தவன், தட்டு நசுங்கிய சத்தம் அடங்குவதற்குள் கதவை நோக்கி ஓடினான்.

வாசலை அடைத்துக்கொண்டு லம்லியின் மனைவி நின்றாள். கையில் வெட்டாத முழுப் பழக் கேக். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஐயா, நீங்க அவரைச் சோதிக்க வரி ஆபீஸ்லேருந்து வந்தவருன்னு தெரிஞ்சுபோச்சு, நானே பூட்டிக்கிறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு கம்பெனிக்குப் போன் போட்டது தப்புதான்னு நிலக்கரிக் கொட்டகையில ஒளிஞ்சுக்கிட்டு அழுவுறாரு, இந்த ஒரு தடவ விட்டுடுங்க!"