ரவுட்டருக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.
வெள்ளிக்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை திருவேங்கடம் அவர்களுக்கு, தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், சரசா நலம், மகள் ரோஷினி நலம், எல்லோரையும்விட எங்கள் வீட்டு வைஃபை மிகமிக நலம். அங்கு நீங்களும் என் தங்கை ஹேமாவதியும் இதில் பாதியளவாவது நலமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு யோசனை சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

ரோஷினியின் மேனேஜர், "இன்னொரு தடவை மீட்டிங் நடுவில் லைன் போனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது கட், பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிடு" என்று சொன்னதும், நீங்கள் உடனே, "அனுப்பி வையுங்கள் மச்சான், எங்கள் வீட்டில் ஒரு ரூம் சும்மாதானே கிடக்கிறது" என்றீர்களே, அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பெண். ஆவடி ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருஷம் ஷிப்ட் ஷிப்டாக ஓடியதில் அவள் வளர்ந்ததையே நான் சரியாகப் பார்க்கவில்லை. ரிடையர் ஆகி இப்போதுதான் பார்க்கிறேன், அதற்குள் அனுப்பி வையுங்களாம்! இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் எத்தனையோ இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து அனுப்பிய எனக்கு, உள்ளங்கை அகலப் பெட்டி எம்மாத்திரம்?

முதல் வேலையாக, ஃபேக்டரியில் செய்வதுபோலவே ரவுட்டரின் கழுத்தில் 'ஆய்வில் உள்ளது, தொடாதே' என்று சிவப்பு அட்டை எழுதித் தொங்கவிட்டேன். லைன் போகும் நேரத்தையெல்லாம் ஒரு ரிஜிஸ்டரில் குறித்தேன். கம்பெனியிலிருந்து செங்கல்வராயன் என்று ஒருவர் வந்தார். அட்டையைப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் போய், "இன்னா சார், ஷாக் அடிக்குதா?" என்றார். பிறகு ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கடைசியில் பெட்டியையே மாற்றினார். அப்படியும் லைன் போயிற்று. "பொட்டி புத்சு, ஒயரு புத்சு, லைனும் சோக்காத்தான் கீது. ஊட்லதான் இன்னாவோ கீது சார். எலுமிச்சம்பயம் சுத்திப் போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு, சரசா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் விடுவேனா? பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், பரணில் வைத்தேன், அதை எடுக்கப் போய் ஸ்டூலோடு விழுந்தேன், எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டி ஒரு மணி நேரம் எல்லோரும் வைஃபையை அணையுங்கள் என்று கேட்டுப் பதினோரு வீட்டில் திட்டு வாங்கினேன். பன்னிரண்டாவது எங்கள் வீடு, அங்கே சரசா திட்டினாள்.

பதினெட்டாம் நாள் ரிஜிஸ்டரைப் புரட்டியபோது பளிச்சென்று பிடிபட்டது. லைன் போனதெல்லாம் ரோஷினி மேனேஜரோடு பேசும் நேரத்தில் மட்டுமே! மற்ற நேரத்தில் சரசா பார்க்கும் சமையல் வீடியோ ஒரு தடவைகூட நின்றதில்லை. காரணம் என்ன? மேனேஜர் மீட்டிங்கில் வீடியோ ஓடுகிறது, பெட்டி சூடாகிறது, சூட்டில் மயங்குகிறது. ஏன் சூடாகிறது? எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு, டிவிக்கு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு எல்லாம் சரசா உறை தைத்துப் போடுவது உங்களுக்குத் தெரியும். ரவுட்டருக்கும் பழைய நைட்டித் துணியில், ஃப்ரில் வைத்து, ஆன்டெனா இரண்டுக்கும் தனித்தனிக் கையோடு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சட்டைக்குள் செருகினேன். நூற்று நான்கு! "ஆட்டோ கூப்புடட்டுமா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் சரசா. சட்டையைக் கழற்றினேன், எதிரே டேபிள் ஃபேனை வைத்தேன்.

இன்றோடு ஆறு நாள் மாப்பிள்ளை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடிகூட லைன் போகவில்லை! பன்னிரண்டு வீட்டுக்கும் கேசரி கொடுத்தாயிற்று, திட்டியவர்கள் எல்லாம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். செங்கல்வராயனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், "நீ பெரிய ஆளு சார்" என்றார். நீங்களும் அதையே சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. எனவே அந்த ரூமில் வழக்கம்போல அரிசி மூட்டையையே வைத்துக்கொள்ளலாம். ரோஷினி எங்கேயும் வரப்போவதில்லை.

ஹேமாவுக்கு என் ஆசிகள். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் தீர்ந்து, இருவரும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மச்சான்,
தட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை ரோஷினிக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால் அழுகிறாள். "பொட்டில ஒண்ணுமே இல்லப்பா. நான்தான் மீட்டிங் நடக்கறப்பல்லாம் போன்லருந்தே அதை ஆஃப் பண்ணேன். பெங்களூர் போகணும்னு எனக்குத்தான் ஆசை. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல" என்றாள். அப்படியானால் ஆறு நாளாக ஏன் போகவில்லை என்று கேட்டேன். "பெங்களூர் ஆபீசுக்கு மாத்தி ஆர்டர் வந்துடுச்சுப்பா" என்றாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறாள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன், வேண்டாமாம். ஸ்டேஷனுக்கு நீங்களே போய் அழைத்துக்கொள்ளுங்கள். காலையில் காபி குடித்துக் கால் மணி நேரம் ஆகும்வரை அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று ஹேமாவிடம் சொல்லவும். இது சரசாவுக்கே தெரியாது, நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.