அடுப்புச் சாம்பலும் அக்காவின் முழங்காலும்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
19 கார்த்திகை 2007

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பேரின்பநாதன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் உருத்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குணேஸ்வரியும் உடம்புக்குச் சுகம். மனதுக்குச் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் அதை எடுப்பது எப்போதும் அக்காதான். ஆகையால் இதை அக்கா இல்லாத இடத்தில் இருந்து வாசிக்கவும்.

யப்பானிலிருந்து கொண்டுவந்த கோயில் திருநீறு என்று அக்காவிடம் ஒரு பை கொடுத்தேனே, அது திருநீறு அல்ல. அடுப்புச் சாம்பல். அதைப் பூசி முழங்கால் நோ குறைந்துவிட்டதென்று அக்கா மார்கழி மாத ஒப்பரேஷனை வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார் என நேற்றுக் குணேஸ்வரி மூலம் அறிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் நடப்பதே கஷ்டம் என்று டாக்குத்தர் சொன்னதும் எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். எங்கள் மகள் துஷாந்தினி அங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறாள் அல்லவா, ஐப்பசியில் நாங்கள் போனபோது மலைக்குள் இருக்கும் ஒரு கிராமத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். வயல் செய்கிற கமக்காரரின் பழைய வீடுகள், எல்லாம் புல்லால் வேய்ந்தவை, கூரை வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கிறது. "பனி வழுக்கி விழவேணும் எண்டு இப்பிடிக் கட்டினவை அப்பா. இந்தக் கூரைக்கு அவையள் வைச்ச பேரே கும்பிடுற கை எண்டதுதான்" என்றாள். அவள் மேலும் பலதைச் சொன்னாள், நான் கும்பிடுகிற கையோடு நின்றுவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே புகை மணம். ஒரு பக்கம் பொன் பூசிய சாமி அலுமாரி, அதற்கு முன் சின்ன மணி. நடு வீட்டில் ஒரு சதுரக் குழி, குழி நிறைய அரித்த மா மாதிரி வெண்சாம்பல், அதன் மேல் சீப்பால் இழுத்ததுபோல வரிவரியாகக் கோடு. நீங்கள் கோயில் பரிபாலன சபையில் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள், அது வேறு என்னவாக இருக்க முடியும். நடுவில் தணல் கிடந்ததையும் மேலே இரும்புக் கேத்தில் தொங்கியதையும் நான் காணாமல் இல்லை. அபிஷேகத்துக்குச் சுடுதண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று விரலால் அள்ளி, சிவசிவா என்று நெற்றியில் பூசினேன். குணேஸ்வரிக்கும் பூசினேன். மிச்சத்தை வாயில் போட்டேன். எதிரில் முழந்தாளிட்டிருந்த வீட்டுக்காரர், எழுபது வயது இருக்கும், சற்று யோசித்தார். பிறகு, கனடாக்காரரின் வழக்கம் இதுவாக்கும் என்று எண்ணி, எனக்கு மரியாதை செய்வதற்காகத் தானும் மூன்று விரலால் தொட்டு நெற்றியில் மூன்று கோடு இழுத்துக் குனிந்து வணங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகம் முழுக்கச் சைவம்தான் என்று குணேஸ்வரியிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி குச்சியில் குத்திய ஆறு மீன்களோடு வந்தார், புருஷனின் நெற்றியைப் பார்த்து ஒருகணம் நின்றார், பிறகு மீன்களை ஒவ்வொன்றாக நான் வணங்கிய சாம்பலில் தணலைச் சுற்றி நட்டார். செருப்புகளை அடுக்கி வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த துஷாந்தினி எங்கள் மூன்று நெற்றிகளையும் பார்த்தாள்.

"அப்பா, அது அடுப்பு" என்றாள்.

அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துவிடலாம் போலிருந்தது. நெற்றியைத் துடைக்கவும் முடியவில்லை, ஏனென்றால் வீட்டுக்காரர் துடைக்கவில்லை; நாங்கள் மீன் தின்று முடியும்வரை அந்த மனிதர் பட்டையோடுதான் இருந்தார். புறப்படும்போது, எனக்கு அவ்வளவு விருப்பம் என்று கண்டு, ஒரு பை நிறையச் சாம்பல் அள்ளி இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையாலும் தருவதை எப்படி மறுப்பது.

மொன்றியல் விமான நிலையத்தில் சுங்கத்தில் நின்ற பிள்ளை பையைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டாள். அடுப்புச் சாம்பல் என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்கு என்னிடம் எந்தப் பாஷையிலும் பதில் இல்லை. கோயில் சாமான் என்றேன். மெர்சி என்று தந்துவிட்டாள். அது முதல் பொய். அடுத்த கிழமை அதே பெட்டியோடு ஸ்காபுரோவுக்கு உங்களிடம் வந்தோம். ஓரத்தில் கிடந்த பையை அக்கா கண்டுவிட்டார்.

"உதென்னடா தம்பி, திருநீறே? எந்தக் கோயில்?"

குணேஸ்வரி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சபைக் கூட்டத்திலும் சொல்வீர்கள் என்ற பயத்தில், "ஓம் அக்கா, மலைக்கோயில்" என்றேன். வெள்ளிக்கிழமையில் மீன்சட்டி இருந்த அடுப்பைக் கழுவாமல் தொடாத அக்கா, இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். சின்ன வயதில் என் பொய்களுக்கெல்லாம் அடி வாங்கினதும் அவர்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது அத்தான். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஆகையால் தாங்கள் அக்காவிடம் பக்குவமாக உண்மையைச் சொல்லி, ஒப்பரேஷன் திகதியைத் திரும்ப எடுத்துத்தர வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நல்லூர்க் கந்தன் தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வான். இந்தக் குறையை மட்டும் நான் வரவைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

தலைகுனிவுடன்,
உருத்திரமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரம் அக்கா போன் எடுத்தார். குரலைக் கேட்டதும் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எனக்கு முதல் நாளே தெரியுமடா. உள்ளுக்க மீன்முள்ளுக் கிடந்தது."

"அப்ப ஏன் பூசினீங்கள்?"

"நான் எங்க பூசினனான்? பூமரத்துக்குப் போட்டாச்சு. நோ அப்பிடியேதான் கிடக்கு. வெட்டுறதெண்டால் எனக்குச் சரியான பயம். அதைச் சொன்னால் உன்ர அத்தான், நீ என்ன சின்னப்பிள்ளையே எண்டு கேப்பார். உன்ர சாம்பலைச் சொன்னன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அவரிட்டச் சொல்லிப்போடாதை."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். ஆகையால் மேலே உள்ளதில் ஒரு வரியைக்கூடத் தாங்கள் வாசிக்கவில்லை. திகதியை மட்டும் திரும்ப எடுங்கள். அன்றைக்கு உள்ளே கொண்டுபோகும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஏன் என்று கேட்டால், உங்களுக்குத்தான் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.